மயானத்துக்கு ஒரு ஆட்டோ

கல்லறை பார்க்கப் போகிறேன் என்றதும் என் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்மா, ஊர்ல பார்க்க வேற இடமே இல்லையா?"

"இருக்கு. அங்கதான் நீ கூட்டிட்டுப் போக மாட்டேங்கறியே" என்றேன்.

அவன் அப்பாவை எரித்த இடத்தைத்தான் சொன்னேன். மூணு வருஷம் முன்னால், மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையோடு என்னை நிறுத்திவிட்டு அவரைத் தூக்கிப் போனார்கள். பொம்பளைங்க மயானத்துக்கு வரக்கூடாதாம். அவருடைய ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட நான் வேண்டும், வழியனுப்ப மட்டும் வேண்டாம். என்னய்யா நியாயம் இது? அப்புறம் கேட்கும்போதெல்லாம் பிள்ளை, "அங்க என்னம்மா இருக்கு, விடு" என்பான். என்ன இருக்கு என்று பார்க்கத்தானே கேட்கிறேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை, பழைய சென்னையைச் சுற்றிப் பார்க்கும் குழுவோடு வேனில் ஏறினேன். முதலில் சாந்தோம் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். குழுவை நடத்துகிற பெண் ஒரு வெள்ளைக்காரியின் கல்லறை முன்னால் நின்றாள். "இவங்க இறந்தப்போ புருஷன் கடல்ல இருந்தாராம். கப்பல்லேர்ந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்து நின்னாராம்" என்றாள்.

எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் செத்துப்போனவளின் புருஷன்மேல் பொறாமைப்பட்டேன், சொல்ல என்ன வெட்கம்? யாரோ கப்பல்காரனுக்கு வந்து நிற்க ஓர் இடம் இருந்திருக்கிறது. எனக்கு?

அடுத்து திருவல்லிக்கேணி என்றார்கள். நான் வேனில் ஏறவில்லை.

"ஏன் ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?" என்றாள் அந்தப் பெண்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேற ஒரு இடத்துக்குப் போகணும்மா."

ஆட்டோவில் ஏறி, கண்ணம்மாபேட்டை மயானம் என்றேன்.

"ஐயோ, யாரும்மா தவறிட்டாங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"என் வீட்டுக்காரர்."

பாவம், இன்னிக்குத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்துச் சந்துபொந்தெல்லாம் புகுந்து பறந்தார். வாசலில் நிறுத்தியதும்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "லேடீஸ்லாம் உள்ள போவ மாட்டாங்களேம்மா. ஆம்பளைங்க யாரும் வர்லியா?"

"யாரு தடுக்கறாங்கன்னு பார்ப்போம்."

ஒருத்தரும் தடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப டீயைக் குடித்தார். இவ்வளவுதானா! இதற்கா மூணு வருஷம்?

உள்ளே போய், பிள்ளைக்கு போன் போட்டேன். "கண்ணம்மாபேட்டையில நிக்கறேன். அப்பாவை எங்கடா வெச்சீங்க?"

திட்டுவான் என்று நினைத்தேன்.

"உள்ள நேரா போனா வேப்பமரம் இருக்கும்மா. அதுக்கு எதிர்ல இருக்கற மேடை. நானும் அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரலம்மா. அங்கயே இரு, இதோ வரேன்."

மேடை காலியாக இருந்தது. கிட்டே போய்க் கையை வைத்தேன். வெயிலில் சுட்டது.

"வா. ஆனா மெதுவா வா" என்றேன். "நான் அவர்கிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்."