கறை ஒட்டாத தரை

எங்கள் நாய் தன்னை அறியாமல் மூத்திரம் விட ஆரம்பித்தது ஓர் ஆடி மழையின்போது. படுத்திருந்து எழும். எழுந்த இடம் ஈரமாக இருக்கும். அதற்கே புரியாமல் ஈரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு யாரோ செய்ததுபோலத் தள்ளிப் போய்ப் படுக்கும். கிரிவலப் பாதையோரம் குட்டியாகக் கிடந்ததைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தவர் என் கணவர். இதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்த ஆடிக்குப் பிறகு அவர் அதை "உன் நாய்" என்று சொல்லத் தொடங்கினார்.

வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் அப்போது மொசைக் தரை. மெருகு போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மெருகு போன மொசைக் ஈரத்தைக் குடிக்கும். மேலே துடைத்துவிடலாம், இணைப்புகளில் இறங்கியது இறங்கியதுதான். பினாயில் ஊற்றினால் இரண்டு நாற்றமும் சேர்ந்து வரும். வினிகர், சமையல் சோடா எல்லாம் பார்த்தாகிவிட்டது. வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. காற்றில் ஈரம் ஏறினால் போன மாதத்து மூத்திரம்கூட எழுந்து வரும்.

பௌர்ணமிதோறும் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் நாத்தனார் வருவார். கணவருக்கு மூத்தவர். மலை சுற்றிவிட்டு எங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்து, காலையில் பஸ் ஏறுவது வழக்கம். அந்த மாதம் பாயை விரித்தவர் உட்காராமலே மடித்தார்.

"ஏன்டா, சாமிய சுத்திட்டு வந்து மூத்திரத்துலயா படுக்கறது?"

"கழுவித்தான்க்கா விட்டோம்."

"கழுவினா போற நாத்தமா இது? நம்ம கடலைக் கொல்லையில பம்ப்செட் கொட்டா சும்மாதானே கெடக்குது. அங்க கொண்டாந்து கட்டு. எலியாவது புடிக்கும்."

"அதுக்குப் பல்லே இல்ல அண்ணி," என்றேன்.

"பல்லு இல்லாததுக்கு ஹால் எதுக்கும்மா?"

அவர் ஊருக்குப் போனதும் கணவர் முடிவைச் சொன்னார். தரையை மாற்றுவது, இல்லையென்றால் நாயைக் கொட்டாவுக்கு அனுப்புவது. அதனால் தரை எனக்கு அலங்கார விஷயமாக இல்லை. நாய் வீட்டுக்குள் சாகுமா, கொல்லையில் சங்கிலியோடு சாகுமா என்பதுதான் கேள்வி.

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒரு வீட்டில் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான டைல்ஸ் போட்டிருந்தார்கள். மேட் என்பார்கள். தெருநாய்கள் தாராளமாக உள்ளே வந்து படுத்திருந்தன. குடிக்காத தரை, காலுக்குப் பிடி கொடுக்கும் தரை. இணைப்புகளில் சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸிப் பசை அடைத்திருந்ததால் சொட்டு இறங்காது.

டைல்ஸ் கடையில் அதைத்தான் கேட்டேன். விற்பனையாளர் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"சார், அது பாத்ரூமுக்கு, வண்டி நிறுத்தற எடத்துக்குப் போடறதுங்க."

"ஹாலுக்குப் போட்டா?" என்றேன்.

"போடலாங்க. வர்றவங்க கேப்பாங்க, இன்னா சார், பாத்ரூம் கல்லு மிஞ்சிடுச்சான்னு."

கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் டைல்ஸ் போயிற்று. எங்கள் ஊரில் கார்த்திகை தீபத்துக்கு உறவுக்காரர்கள் வருவார்கள். வாசலில் நின்றதும் தரையைத்தான் பார்ப்பார்கள். மேலே எரியும் விளக்கு தரையில் தெரிந்தால், குடும்பம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். குளியலறையில் வழுக்கக் கூடாது என்று ஒத்துக்கொள்கிறவர்கள், ஹாலில் வழுக்குவதைக் கௌரவத்தில் சேர்த்துவிட்டார்கள்.

விற்பனையாளர் பளபளவென்ற ஒரு வெள்ளை டைல்ஸைக் கிடத்தி மார்க்கரால் கிறுக்கினார். டீயை ஊற்றினார். ஏதோ திரவம் தொட்ட துணியால் ஒரே இழுப்பு. சுத்தமாகிவிட்டது. "பத்து நாய் வளத்தாலும் ஒட்டாதுங்க." செய்த சோதனையெல்லாம் கறைக்குத்தான். அதன்மேல் யாரும் நடந்து பார்க்கவில்லை.

"வயசான நாய். பின்னங்கால்ல பலம் கம்மி. வழுக்குமே?"

"பழகிடும்," என்றார் கணவர்.

தீபத்துக்கு முன்பே வேலை முடிந்தது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மூத்திரம் பாதரசம் மாதிரி மேலேயே நின்றது, ஒரு துடைப்பில் போனது. நாற்றம் அறவே இல்லை. ஆனால் நாயால் எழ முடியவில்லை. முன்கால் ஊன்றும்போது பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விலகும். வயிறு தரையில் தட்டும். நகங்கள் பிராண்டும் சத்தம் சமையலறைவரை கேட்கும். எழ முடியாமல் படுத்த இடத்திலேயே விட்டது. விட்ட ஈரத்தில் இன்னும் வழுக்கியது.

நான் கோணி விரித்தேன். கணவர் சுருட்டினார்.

"புதுத் தரைமேல கோணியா? நெல்லு மண்டி மாதிரி இருக்குது."

மறுநாள் விரித்தேன். அன்றும் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தார். அதில் கோபமே இல்லை. கலைந்த செருப்புகளை வரிசையாக வைப்பது மாதிரி செய்தார்.

ஒரு காலையில் நாய் முன்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டே வாசலைத் தாண்டியது. வெளியே போர்டிகோவில் பழைய சிமெண்ட் தரை. அங்கே நாலு காலும் ஊன்றி நின்றது. அதற்குப் பிறகு உள்ளே வரவில்லை. கூப்பிட்டால் நிலைப்படிவரை வரும், ஒரு காலை டைல்ஸ்மேல் வைக்கும், எடுத்துக்கொள்ளும்.

"நான் அனுப்பல," என்றார் கணவர். "அதுவா போச்சு."

கார்த்திகை பௌர்ணமிக்கு நாத்தனார் வந்தார். ஹாலை எட்டிப் பார்த்து, "இப்பதான்டா வீடு மாதிரி இருக்குது," என்றார். மலை சுற்றி வந்து, வெளிக்குழாயில் கால் கழுவிக்கொண்டு ஈரத்தோடு உள்ளே நாலு எட்டு வைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, இன்னாடா இது, ஐஸ்மேல வீடு கட்டி வெச்சிருக்கற!"

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டு பிசகி வீங்கியது. தீபக் கூட்டத்தில் தெருவெல்லாம் அடைத்திருந்தும் கணவர் நடந்தே போய், அடியில் ரப்பர் வைத்த முரட்டு விரிப்புகளைத் தோளில் சுமந்துவந்தார். வாசலிலிருந்து குளியலறைவரை இடைவெளி இல்லாமல் விரித்தார். மண்டி மாதிரி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

நான் நாயைக் கூப்பிட்டேன். இப்போது அதற்கும் பாதை இருந்தது. நிலைப்படிவரை வந்தது. விரிப்பை முகர்ந்தது. திரும்பிப் போய்ப் படுத்துவிட்டது. தூக்கி உள்ளே விட்டேன். நடுங்கியபடி, விரிப்பு கால்களைப் பிடிப்பதுகூடத் தெரியாமல், வயிற்றால் தேய்த்துக்கொண்டே வெளியேறியது.

மார்கழிப் பனியில், போர்டிகோவில், நான் விரித்த அந்தக் கோணிமேல் செத்துப்போனது. சங்கிலி இல்லை. கொல்லைக்கும் போகவில்லை. கணவர் இதை இரண்டு முறை சொல்லிக்காட்டினார்.

பொங்கலுக்கு அவருடைய அலுவலக நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். கணவர் கால் பெருவிரலால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடியில் தரை கண்ணாடியாக இருந்தது.

"பாருங்க சார், ஒரு கறை இருக்குதா? நாய் இருந்த வீடுன்னு சொன்னா நம்புவீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். நம்ப முடியவில்லை என்றார்.