கேணல் மாமா வெட்டச் சொன்ன வசனம்

நான் ஏறிய முதல் மேடையில் எனக்குக் கடைசி இடம் என்று நடுவர்கள் மூவரும் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பை நான் அன்றும் ஏற்கவில்லை. பல மேடைகள் கண்ட பின்பு இன்றும் ஏற்பதாக இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளி மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி; தலைப்பு, ‘நான் போற்றும் மனிதர்’. மற்றப் பிள்ளைகள் புலவர்களையும் புனிதர்களையும் எடுத்துக்கொள்ள, நான் அம்மாவின் அண்ணனை எடுத்தேன். இலங்கை இராணுவத்தில் கேணல் பதவி வரை உயர்ந்த தமிழர் அவர். கிளென் ஈடனில் எங்களோடு இருந்துகொண்டு, நியூ லின் கடைத்தொகுதியில் காவலாளியாக நின்றார். அந்தச் சீருடையையும் மடிப்பு நிமிர அயன் செய்தே அணிவார்.

“உனக்கு வேற ஆளே கிடைக்கேல்லையோ?” என்றார் அம்மா. மண்டபத்துக்கு வருவோரில் பாதிப்பேர் அந்த இராணுவத்தால் வீடிழந்தவர்கள் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தே எடுத்தேன். பிறர் முகம் பார்த்துத் தலைப்பை மாற்றுபவள் பேச்சாளராக முடியாது என்பது அன்றைய என் கொள்கை.

எழுதியதை மாமாவிடம் காட்டினேன். அவர் பயிற்சி பெறும் இளம் அதிகாரியாகச் சேர்ந்ததும், வெள்ளத்தில் இறங்கி ஊர்ச்சனங்களை மீட்டதும், படிப்படியாக உயர்ந்ததும் அதில் இருந்தன. எதையும் அவர் திருத்தவில்லை. ‘தமக்கு இடப்பட்ட கட்டளை எதையும் அவர் ஒருநாளும் மீறியதில்லை’ என்ற இடத்தில் மட்டும் விரலை வைத்தார்.

“இதை வெட்டிவிடு பிள்ளை.”

“ஏன் மாமா?”

“அது வேண்டாம்.”

காரணம் சொல்லாத திருத்தத்தை நான் ஏற்பதில்லை. மேலும், என் பேச்சின் சிகரமே அதுதான். எங்கே குரலை உயர்த்துவது, எங்கே நிறுத்துவது என்று கண்ணாடி முன் பழகியும் வைத்திருந்தேன்.

மேடையில் அந்த வசனத்தைச் சொல்லி நிறுத்தினேன். கைதட்டல் வரவில்லை. நடு வரிசையில் ஒருவர் எழுந்து, என்னைப் பாராமல் மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப எங்கட வீட்டைக் கொளுத்தினதும் ஓடர்தானே, கேணல் ஐயா?”

சிலர் சிரித்தார்கள். அம்மா ஏதோ சொல்ல எழுந்தார். மாமா அவர் தோளைத் தொட்டு இருத்திவிட்டு, தாம் எழுந்து நின்றார்.

“பிள்ளை இன்னும் முடிக்கேல்லை. முடிக்க விடுங்கோ.”

முடித்தேன். ஒரு சொல்லும் குறைக்காமல், எவர் முன்னும் கண் தாழ்த்தாமல் முடித்தேன்.

வீடு திரும்பும் காரில் என் ஆத்திரம் முழுவதும் மாமாவின் மேல்தான்.

“நானெண்டால் திருப்பிக் குடுத்திருப்பன். நீங்கள் சும்மா நிண்டிட்டீங்கள்.”

“ஓம், நீ குடுத்திருப்பாய்,” என்றார் மாமா. அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு கிராமத்தைக் கொளுத்தும்படி வந்த கட்டளையை மாமா மறுத்ததையும், அத்துடன் அவருடைய இராணுவ வாழ்வு முடிந்ததையும், அவர் மறைந்த பின்பே அம்மா எனக்குச் சொன்னார். மண்டபத்தில் அதைச் சொல்ல மாமாவுக்கு ஒரு வசனம் போதுமாயிருந்தது. சிரித்தவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள். ஆனால், மேடையில் நின்ற பிள்ளை அத்தனை பேர் முன்னும் பொய் சொன்னவளாகியிருப்பாள்.

எனக்கோ அன்று, மாமாவுக்குப் பேச வராது என்றே தோன்றியது.