கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்து

எழுபதுகளின் பிற்பகுதியில் திருவண்ணாமலையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கோடையில் வேங்கிக்கால் பக்கத்து மைதானத்தில் கால்பந்துப் போட்டி நடக்கும். சென்னையிலிருந்து கம்பெனி அணிகள் வரும். பந்தாடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள். நானும் சைக்கிள் கடை வைத்திருந்த என் நண்பனும் தவறாமல் போவோம். சாயங்காலமானால் மலையின் நிழல் மெல்ல நகர்ந்து வந்து மைதானத்தை மூடும். நிழலுக்குள் ஓடுகிறவர்கள் தண்ணீருக்கடியில் ஓடுவதுபோல எனக்குத் தோன்றும்.

அந்த வருடத்து இறுதி ஆட்டம். முதல் நாளிலிருந்தே எங்களுக்குப் பிடித்துப்போயிருந்த ஒல்லியான ஆட்டக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தார். பந்து மேல்கம்பத்தின் அடியில் பட்டு, கோல் கோட்டுக்கு உள்ளே விழுந்து, வெளியே துள்ளியது. நாங்கள் கம்பத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தோம். அந்தக் கோடியில் மட்டும் இன்னும் வெயில் இருந்தது. பந்து விழுந்த இடத்தில் புழுதி எழும்பி, சற்று நேரம் பொன்னிறமாக அந்தரத்தில் நின்றது.

நடுவர் மைதானத்தின் நடுவிலேயே இருந்தார். ஆடுங்கள் என்று கையைக் காட்டினார். கோட்டு நடுவரின் கொடியும் எழவில்லை. கூட்டம் கத்தியது. அடித்தவர் மட்டும் வாதாடாமல் புழுதி அடங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அணி தோற்றது.

நண்பனுக்கு ஆறவில்லை. "வா, அந்தாள நேர்லயே கேட்டுட்டு வரலாம்," என்று என்னை இழுத்துக்கொண்டு போனான். நடுவர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். அறைக்கதவு திறந்தே இருந்தது. வயதானவர். வீங்கிய முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அது கோலுங்க," என்றான் நண்பன். "நாங்க கிட்டத்துல இருந்து பாத்தோம்."

"உள்ளயா விழுந்துச்சு?"

"நல்லா உள்ள."

அவர் துணியை மறுபடியும் வெந்நீரில் முக்கிப் பிழிந்தார். "நான் பாக்கலப்பா. பாக்காதத எப்படிக் குடுக்கறது?"

"பாக்கற எடத்துக்கு ஓடி வந்திருக்கணும் இல்லீங்களா? அவங்களுக்கு இதுதான் பொழப்பு. கால் முடியலன்னா வரவே கூடாதுங்க."

நான் அவன் கையைப் பிடித்தேன். நடுவர் கோபப்படவில்லை. "நெஜந்தான். வேற யாரும் கெடைக்கலன்னு கூப்ட்டாங்க. எனக்கும் ஆச, வந்துட்டேன்." நாங்கள் கிளம்பியபோது, "நல்ல அடியா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்ல அடிங்க," என்றேன்.

தேரடி வழியாக நடந்தே திரும்பினோம். கோபம் போகவில்லை, யார்மேல் படுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த கோடையில் ஓர் இளைஞர் நடுவராக வந்தார். பந்து போன இடமெல்லாம் ஓடினார். அரையிறுதியில், கம்பத்துக்கு வெளியே போன பந்து பக்கவலையின் கிழிசல் வழியாக உள்ளே நுழைந்தது. பக்கத்திலேயே நின்று பார்த்தவர், கோல் என்று விசில் ஊதினார்.

கத்துவதற்காக எழுந்த நண்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அந்த முறை நாங்கள் யாரையும் தேடிப் போகவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் தரையில் மல்லாந்து கிடந்தோம். கிளிகள் கூட்டங்கூட்டமாகக் கோபுரத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

"நாளைக்கு ஃபைனல். வருவ இல்ல?" என்றான்.

வருவேன் என்றேன்.