ஆறுமுகத்தாயின் முதல் வாய்

என் பொண்டாட்டி ஆறுமுகத்தாயை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவள் உளுந்தஞ்சோறு ஆக்கும் வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நான் செந்தூர்பாண்டி, அம்பாசமுத்திரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். போனைப் பிடித்துப் படம் எடுப்பதும் நான்தான்.

பதினோரு வருஷமாக ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். அங்கே ஒரு வழக்கம். பிள்ளைகள் தட்டில் சோறு விழுவதற்கு முன்னால் ஆக்கினவள் ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தை வீடியோவிலும் அவள் விடவில்லை. அடுப்பை அணைத்ததும் இலையில் கொஞ்சம் போட்டு, உருட்டி வாயில் வைத்துக் கண்ணை மூடுவாள். "நல்லாருக்கு, நம்பிச் சாப்பிடுங்க" என்பாள். அந்த ஒரு வாயைப் பார்க்கத்தான் முதலில் ஜனம் வந்தது.

பிறகு கமெண்டில் அதையே பிடித்துக்கொண்டார்கள். 'சமையல் நமக்கா, அக்காவுக்கா?' 'போன்ல பாதிதான் தெரியுது, மீதி அக்கா எங்க?' அவளுக்குத் தைராய்டு, உடம்பு போட்டது அதனால்தான். ஏழு வருஷமாக விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. இதை எவனிடம் போய்ச் சொல்ல? முகமே இல்லாதவனை எங்கே தேடிப் பிடித்து அறைய?

வண்ணார்பேட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் கணேஷ்ராம் ஒரு வழி சொன்னான். "அண்ணாச்சி, அவனுவ எழுதுத வார்த்தைய எல்லாம் இந்த செட்டிங்ஸ்ல போட்டு வைங்க. அந்த வார்த்தை வந்தா கமெண்ட் வெளிய தெரியாது, தனியா போயிரும்." ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து போட்டேன். பூசணி, அண்டா, உரல், இட்லிக் கொப்பரை. பாவிப் பயல்கள், வைவதற்கும் அடுக்களைச் சாமானைத்தான் எடுக்கிறார்கள்!

மறுவாரம் அவள் வைத்தது பூசணிக்காய்ப் புளிக்குழம்பு. எனக்கு அது உறைக்கவே இல்லை. நல்லது எழுதினவர்களும் பூசணி என்றுதானே எழுதுவார்கள்? ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"ஏங்க, ஒருத்தர்கூட ஒண்ணும் எழுதலியே. யாருக்கும் பிடிக்கலையோ?"

அவள் முகம் வாடியதைப் பார்த்து, நான் செய்து வைத்ததை உளறிவிட்டேன். போனை வாங்கினாள். தனியாக ஒதுங்கிக் கிடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் வாசித்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த ஏச்சை ஒரே இடத்தில் சேர்த்து அவள் கையில் கொடுத்தவன் நான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வீடியோவில் இலையை என் பக்கம் தள்ளினாள். "நீங்க தின்னுங்க. நான் போனைப் பிடிக்கேன்."

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஆக்குனது நீ."

"தின்னுங்கங்கேன்."

நான் தொண்ணூற்று நாலு கிலோ. அவளைவிடப் பதிமூன்று கிலோ கூடுதல். வயிற்றுக்கு நேரே சட்டைப் பித்தான் பூட்டி வருஷக்கணக்காகிறது. அப்படியே உட்கார்ந்து தின்றேன். 'அண்ணாச்சி ரசிச்சுச் சாப்பிடுறதப் பார்த்தாலே பசிக்குது.' 'இனிமே அண்ணாச்சியவே காட்டுங்க.' என் தொப்பையைப் பற்றி ஒருத்தன், ஒரே ஒருத்தன்கூட வாய் திறக்கவில்லை! அவள் எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

போன வாரம் அவள் பள்ளிக்கூடத்து ஜெமிமா டீச்சர் கூப்பிட்டார். "அண்ணாச்சி, உங்க வீட்ல ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே? ருசி பாக்குறதுக்குக்கூட என்கிட்டதான் குடுத்துருதாங்க." ஒன்றுமில்லை என்று போனை வைத்தேன்.

நேற்று சொதி. காய் வெந்து, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கியாயிற்று.

"காலைலேருந்து என்ன தின்ன?"

"பெறவு திங்கேன். நீங்க இங்கன பாருங்க."

இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் நின்றாள். நான் சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை. பதினோரு வருஷத்தில் அவள் கை உப்பை மறந்ததில்லை.

"நல்லாருக்கா? சொல்லுங்க, ஓடிட்டிருக்கு."

"நல்லாருக்கு, நம்பிச் சாப்பிடுங்க" என்றேன். அடுத்த வாயையும் உருட்டித் தின்றேன்.