மீன்காரி பொன்னம்மாவின் செரானிப் பேச்சு

மலாய் மண்ணில் தலைமுறைகளாக வாழ்ந்து தமிழை மறந்துபோன கஜா பெராங் ஊர்ச் செட்டிகளில், மீன் விற்றுப் பிழைத்தவள் பொன்னம்மா. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தக் கணக்கில் அவள் ஏழு ஜென்மத்துக்குப் பிழைப்பாள்! வீட்டில் செட்டிகளின் மலாய் பேசுவாள். அதில் தமிழ் ஊறுகாய் அளவுக்குத்தான் இருக்கும். தெங்கேராக் கரையில் மீன் எடுக்கப் போனால் செரானிப் பேச்சு. போர்த்துகீசியர் விட்டுப்போன மொழி, மலாயோடு குடித்தனம் நடத்தி வளர்ந்தது. அந்த மொழியில் அவள் பேரம் பேசினால், போர்த்துகீசிய வம்சாவளிச் செரானி மீனவர்களே வாயடைத்துப் போவார்கள்.

ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஒரு காலை அவள் கொட்டகையில் எவனோ காய்ச்சலோடு சுருண்டு கிடந்தான். "ஆகுவா" என்று முனகினான். செரானிகள் தண்ணீரை 'ஆகு' என்பார்கள். உடனே தண்ணீர் கொடுத்தாள்.

பெயர் இசித்ரோ. பிலிப்பைன்ஸில் சம்போவாங்காக்காரன். ஜப்பான் கப்பலில் கட்டாய வேலை. அடி தாங்காமல் கடலில் குதித்துவிட்டான். அவன் ஊர்ப் பேச்சு ஸ்பானியக் கோட்டையைச் சுற்றிப் பிறந்ததாம். சிப்பாய்களின் ஸ்பானியமும் தீவு மக்களின் பேச்சும் கலந்தது. போர்த்துகீசியமும் ஸ்பானியமும் அக்கா தங்கை மாதிரி; பொன்னம்மாவுக்குப் பாதி புரிந்தது. மீதியைக் கைஜாடை பார்த்துக்கொண்டது.

"அட, எங்க பேச்சு மாதிரிதான்! எல்லாம் கலந்து வச்ச குழம்பு" என்று சிரித்தாள்.

காய்ச்சல் விடுவதற்குள் ஜப்பான் சிப்பாய்களோடு ஓர் அதிகாரி வந்து நின்றான். ஓடிப்போன கப்பல்காரனைத் தேடுகிறார்களாம். பொன்னம்மா அசரவில்லை.

"இவனா? செரானிப் பய. என் கூடை தூக்குறவன்."

"அப்படியா? ஒரு செரானியைக் கூட்டி வாருங்கள். இவனோடு பேசட்டும்" என்றான் அதிகாரி, அரைகுறை மலாயில்.

பொய் பிடிபட்டால் இரண்டு தலையும் போய்விடும். சிப்பாய்கள் இழுத்து வந்தது தெங்கேரா மீனவர் லாசரூ கிழவரை. அவருக்கு விவரம் ஏதும் தெரியாது. சாடை காட்டவும் வழியில்லை.

"நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கிழவர் செரானியில் கேட்டார்.

இசித்ரோ தள்ளாடி எழுந்தான். கிழவரின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்து, தன் பேச்சில் ஆசி கேட்டான். பெரியவரைக் கண்டால் அவன் ஊரில் முதலில் செய்வது அதுதான். செரானிப் பிள்ளைகளும் பெரியவர் கையை முத்தமிட்டு ஆசி வாங்குவார்கள். கிழவர் கையை விடுவித்துக்கொண்டார்.

பளார்! கன்னத்தில் ஓர் அறை.

"எங்கடா தொலைஞ்சே? உங்கம்மா அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடக்கா!" பிறகு அதிகாரியிடம் மலாயில், "துவான் ஐயா, இவன் என் தங்கச்சி மகன். சுத்தச் சோம்பேறி" என்றார்.

அம்மா என்றதும் இசித்ரோ நிஜமாகவே விம்மி அழுதான். அதிகாரி சிரித்துவிட்டு ஆட்களோடு போனான்.

கிழவர் தொப்பென்று கூடைமேல் உட்கார்ந்தார்.

"பாவி மகளே! வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுபோச்சு, இவன் எங்க ஆளே இல்ல."

"அப்புறம் ஏன் மாமா காப்பாத்துனீங்க?"

"கையை எடுத்து நெத்தியில வச்சுட்டானே. அதுக்கப்புறம் இல்லேன்னு எப்படிச் சொல்றது?" கிழவர் இசித்ரோவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வாடா, வீட்டுக்குப் போவோம். 'உனக்கொரு மகன் இருக்கான்'னு என் தங்கச்சிக்குச் சொல்லணும்."