நாலாவது கியர் விழாத கார்

நாலாவது கியர் விழவில்லை. கோளாறு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தக் கோளாற்றைச் சுற்றி நின்று ஆட்கள் செய்தது.

ஆட்டோமேட்டிக் கார் ரிப்பேர் என்பது, நோயாளி வாயைத் திறக்காமலும் கூட வந்தவர்கள் வாயை மூடாமலும் இருக்கிற தொழில். தேனியில் போடி ரோட்டில் எனக்கு ஒர்க்‌ஷாப். இந்தப் பக்கம் பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லோரும் கடைசியில் என்னிடம் வருவார்கள். முதலில் வர மாட்டார்கள். நீங்களும் ஒரு பழைய காரோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் மேலே படியுங்கள். புதுக் கார்க்காரர்கள் கொஞ்ச வருஷம் கழித்து வாருங்கள்.

மூணாவதில் நிற்பது

சுருளியம்மாவுக்கு ஊர் போடி. போடிமெட்டுக்கு மேலே கேரளா எல்லைக்குள் ஏலத்தோட்டம். புருஷன் போன பிறகு தோட்டத்தை அந்த அம்மாவே பார்க்கிறார். இடது முழங்காலில் கம்பி வைத்திருப்பதால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதற்காகத்தான் ஆட்டோமேட்டிக். கேரளாவில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த ஜப்பான் கார்.

அன்றைக்கு வண்டி வாசலுக்கு வருமுன்னே சத்தம் வந்துவிட்டது. "வீரபாண்டி ஆத்தா கோயில் திருவிழாவுக்குப் போனேண்ணே. அங்கன வண்டிக்குப் பூசை போட்டாக. பூசாரி கியர் கம்பியக்கூட விடல, கட்டைவிரலால அழுத்திப் பொட்டு வச்சுத்தான் அனுப்புனாரு. திரும்பி வாரப்பவே இப்படிக் கத்த ஆரம்பிச்சிருச்சு" என்றார். நான் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் ஒழுங்காக மாறியது. அதற்கு மேல் போகவில்லை. சமதளத்தில் போகிறபோதே இன்ஜின் மலையேறுகிற லாரி மாதிரி முக்கியது. இப்படியே ஓட்டினால் இன்ஜினும் போய்விடும்.

பிரச்சினை வண்டியோடு நிற்கவில்லை. மகன் செல்வம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்து என்னோடு இரு என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறான். இந்த முறை அந்த அம்மா வாக்குக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி சரியாகாவிட்டால் விற்றுக்கொள், நானும் வந்துவிடுகிறேன் என்று. வார்த்தை வந்தவுடனே அவன் வாங்க ஆள் பிடித்துவிட்டான். இதைச் சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "வண்டியும் மூணாவதுல நிக்குது. நானும் அவன் வீட்டுக்குப் போயி மூணாவது மாடில நிக்கணுமாண்ணே?"

குமுளி வைத்தியம்

மலையடிவாரத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு வண்டியை விட்டுவிடுவது. எண்ணெய் மிச்சமாம். பிரேக் புகைகிறபோதும் மிச்சம்தானாம். ஆட்டோமேட்டிக்கில் அப்படி இறக்கினால் கியர்பாக்ஸ் உள்ளுக்குள்ளே காய்ந்து கருகிவிடும். சுருளியம்மாவிடம் கேட்டேன். "அடிவாரம் முந்தல் வரைக்கும் நியூட்ரல்தாண்ணே. எல்லாரும் அப்படித்தான இறக்குறாக" என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. கருகித்தான் போயிருக்கும் என்று முடிவு கட்டினேன்.

அப்போது ஜீப்புக்கு ஸ்பிரிங் பட்டை மாற்ற வந்து காத்திருந்த மணி எழுந்தான். குமுளிப் பக்கம் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவன். காலில் மிதித்துப் பார்த்தால்தான் எது கருகியது என்று தெரியும் என்றான். வண்டியை அவன் கையில் கொடுத்தது என் தப்பு. நாற்பதில் போகும்போது பழக்கத்தில் இடது காலால் கிளட்சை மிதித்தான். அங்கே இருந்தது பிரேக். எனக்கு நெற்றி கண்ணாடியில் இடித்தது. அவனுக்கு ஸ்டியரிங்கில் மூக்கு. நடுரோட்டில் வண்டி நிற்க, பின்னால் வந்த பஸ்காரன் எங்கள் இரண்டு குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனான். மணி மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னான்: "பிரேக்கு நல்லா இருக்கு சேட்டா. அதுல குறை சொல்லக் கூடாது."

நல்ல ஆயில்

கருகியிருந்தால் ஆயிலில் தெரியும். நிறம் கறுத்துவிடும், தீய்ந்த வாடை வரும். என் எலக்ட்ரீஷியன் குருசாமியைக் கூட வைத்துக்கொண்டு ஆயிலை இறக்கினேன். குருசாமிக்கும் எனக்கும் ஒரே வயது, ஆனால் அவன் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. ஆயில் சிவப்பாக, சுத்தமாக வந்தது. விரலில் தேய்த்தேன், தூள் இல்லை. மோந்து பார்த்தேன், வாடை இல்லை. அந்த அம்மா நியூட்ரலில் இறக்கியும் கியர்பாக்ஸ் பிழைத்திருக்கிறது.

இறக்கியதைத் திரும்ப ஊற்ற முடியாது. புது ஆயில் ஊற்றி, அதை வடிகட்டுகிற வலையையும் மாற்றி, ஓட்டிப் பார்த்தேன். மூணாவதில் நின்றது. வாளியில் கிடந்த ஆயிலைக் குருசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இருந்ததக் கீழ ஊத்திட்டு, நல்லா இருக்குறத மேல ஊத்தியிருக்கோம். சுத்தமான தொழில்ணே நம்மது."

கம்ப்யூட்டர் ஜோசியம்

மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் கொண்டு வருகிற பையனைக் கூப்பிட்டேன். பையன் என்றால் இரண்டு பிள்ளைக்கு அப்பன். ஒயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான். திரையில் பச்சையாக ஓடியது. மறுபடி செருகினான். மறுபடி பச்சை. "கோளாறுன்னு எதுவும் காட்டலையே சார். வண்டி நல்லா இருக்கு" என்றான். நல்லா இருக்கிற வண்டி ஏன் கத்துகிறது என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது சார். ஓட்டுறவுகளுக்கு ஏதும் இருக்கானு பாருங்க" என்று ஒயரைச் சுருட்டிக்கொண்டான்.

போனில் சுருளியம்மாவிடம் அப்படியே சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து உடனே வந்தது: "இருக்குண்ணே. முழங்கால்ல கம்பி இருக்கு. அதையும் அந்தப் பொட்டியில செருகிப் பாக்கச் சொல்லுங்க."

பாலிதீன் பை

இனிமேல் கியர்பாக்ஸைக் கீழே இறக்கிப் பிரிப்பதுதான் பாக்கி. பிரித்தால் புதிதாகப் போட வேண்டிய சீல் செட்டுக்கு மதுரையில் சொல்லிவிட்டேன். அது வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன், கியர் கம்பியிலிருந்து போகிற கேபிளைச் சரி பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

கம்பியின் தலை வெளியே தெரியவில்லை. வண்டி வாங்கிய அன்றைக்கு வைத்த பொட்டு, அதன் மேல் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் ஒரு பொட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வீரபாண்டிப் பொட்டு. சந்தனம் காய்ந்து கல்லாகி, மேலே குங்குமம். இங்கே யாரும் பூசைப் பொட்டைத் துடைக்க மாட்டோம். அது தானாக உதிர வேண்டும். என் ஜாக்கியில் இருக்கிற பொட்டு ஜாக்கி வாங்கிய நாளிலிருந்து இருக்கிறது. குருசாமி கிரீஸ் கை படக் கூடாது என்று கம்பித் தலைக்கு ஒரு பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டான். அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தான். கேபிள் சரியாக இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. எனக்கு எரிச்சல். தலையையும் கழற்றிப் பார்த்துவிடு, பொட்டைத் துடைத்துக்கொள் என்றேன். குருசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தான். "துடைச்சு எதாவது ஆயிருச்சுன்னா ஆத்தாவுக்கு யார்ணே பதில் சொல்றது, நீயா நானா?"

நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

சர்ச் முடிந்து வந்தவர்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. சீல் செட் வரவில்லை. செல்வம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான், கையில் வாளி, துணி, பழைய பல் பிரஷ். ஒரு நாள் பொறு தம்பி என்றேன். "பேச்சுன்னா பேச்சுதான் மாமா" என்று சட்டையைக் கழற்றிவிட்டு வண்டியைக் கழுவ ஆரம்பித்தான். கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அறுத்தான். பானெட்டில் இருந்த விபூதிப் பட்டையை அழித்தான். வாங்க வருகிறவர் தேனி பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஞானதுரை. "அவுக சர்ச்சுக்குப் போறவுக. பொட்டும் பூவுமா இருந்தா சங்கடப்படுவாக" என்று உள்ளே புகுந்து பாலிதீன் பையை உருவிவிட்டுக் கியர் கம்பியைப் பல் பிரஷ்ஷால் தேய்த்தான். "ஏலே, ஆத்தா பொட்டுடா" என்றார் சுருளியம்மா. "ஆத்தா கோவிக்க மாட்டா. விக்க வேணாமா?" என்றான் அவன். குருசாமி பார்க்கச் சகிக்காமல் டீக் கடைக்குப் போய்விட்டான். உள்ளே டக் என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நான் உட்பட.

ஞானதுரை வெள்ளைச் சட்டையில் சர்ச்சிலிருந்து நேரே வந்தார். கோளாற்றைச் சொல்லித்தான் ஓட்டக் கொடுத்தேன். அவர் பக்கத்தில் செல்வம், பின்னால் நானும் சுருளியம்மாவும். பைபாஸில் ஏறினோம். ஒன்று, இரண்டு, மூன்று. கத்தப் போகிறது என்று அந்த அம்மா என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜின் சத்தம் திடீரென்று அடங்கியது. நின்றேவிட்டது என்று நினைத்தேன். வண்டி போய்க்கொண்டிருந்தது. "நாலாவது விழுந்துருச்சே மெக்கானிக்கு. விழாதுன்னீக?" என்றார் ஞானதுரை.

எட்டிப் பார்த்தேன். கம்பியின் தலை முதல் முறையாகத் தலை மாதிரி இருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான், அப்போதுதான் வெளியே வந்திருந்தது. மலை இறக்கத்துக்காக வைப்பது. அமுக்கினால் வண்டி மூணாவதைத் தாண்டாது. மறுபடி அமுக்கினால் தாண்டும். பூசாரியின் கட்டைவிரல் அதை அமுக்கி, சந்தனம் அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. காலையில் கேட்ட டக், செல்வத்தின் பிரஷ்ஷில் அது விடுபட்ட சத்தம். அமுங்கியிருந்தால் மீட்டரில் ஒரு விளக்கு எரிய வேண்டும். அந்த பல்பு எப்போதோ செத்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அது கோளாறு இல்லை, சொன்னதைக் கேட்கிற வண்டி. இப்படி ஒரு பொத்தான் சில வண்டிகளில் உண்டு என்று எனக்குத் தெரியும். இதில் இருக்கிறதா என்று பார்க்கப் பொட்டைத் துடைத்திருக்க வேண்டும்.

இதை நான் சொல்லி முடித்ததும் சுருளியம்மா கண்ணைத் திறந்தார். "வண்டிய ஓரமா நிறுத்துங்கண்ணே" என்று ஞானதுரையிடம் சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார். "சரியாகலேன்னா விக்கிறதுன்னுதான பேச்சு? சரியாயிருச்சுல்ல?" பேச்சுன்னா பேச்சுதான் என்று காலையில் சொன்னவன் செல்வம்தான். கையில் இன்னும் அந்த ஈரத் துணி இருந்தது, மஞ்சளாக. ஞானதுரை சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இறங்கி நின்று, அவன் தோளில் தட்டினார். "பொட்டு இருந்தா எனக்கென்ன தம்பி? நீ அதத் தொடாம விட்டிருந்தா இந்நேரம் வண்டி என்னோடதுய்யா."

அடுத்த பொட்டு

சுருளியம்மா பைபாஸிலிருந்து அப்படியே மெட்டுக்குக் கிளம்பிவிட்டார். தோட்டத்தில் களையெடுப்பு நடக்கிறதாம், ஆள் காத்திருக்குமாம். பக்கத்து சீட்டில் செல்வம். திரும்பி வரும்போது நியூட்ரலில் இறக்கக் கூடாது, அந்தப் பொத்தானை அமுக்கி இறக்குங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஞானதுரையும் நானும் ஷேர் ஆட்டோவில் வந்தோம். ஒர்க்‌ஷாப்பில் குருசாமியிடம், இனிமேல் பூசை போட்டால் கியர் கம்பியில் வேண்டாம், ஸ்டியரிங் நடுவில் பொட்டு வைக்கச் சொல்வோம் என்றேன். அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னான்: "வேணாம்ணே. ஹாரன் அமுங்கிக்கிரும்."

ஆயில் மாற்றினேன், வலை மாற்றினேன், கம்ப்யூட்டர் வரவழைத்தேன், நெற்றியைக்கூட இடித்துக்கொண்டேன், ஆனால் அந்த வண்டியைச் சரி செய்த மெக்கானிக் யார் என்று கேட்டால், அதை எப்படியாவது விற்றுவிட வேண்டும் என்று பல் பிரஷ்ஷோடு வந்த கோயம்புத்தூர் செல்வம்.