என் களிம்பும் பொத்தான் அளவு தோலும்

கால் வெடிப்புக் களிம்பு விற்கிறவன் ஒரு ஆளைக் கண்டால் முதலில் குதிகாலைத்தான் பார்ப்பான், முகமெல்லாம் அப்புறம். சந்தைக்குச் சந்தை கத்தித் தொண்டை கட்டிப்போன சக வியாபாரிகளே, நான் கள்ளக்குறிச்சியில் கடுக்காய்க் களிம்பு காய்ச்சி விற்கிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றது, கோபம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. போன வருஷம் நான் பட்ட பாடு உங்களுக்குத்தான் புரியும்.

செல்வியின் கேள்வி

களிம்பில் கடுக்காய்க் கஷாயம் சேர்கிறது. தண்ணீர்ப் பசை இருந்தால் மழைக்காலத்தில் டப்பாவுக்குள் பூஞ்சை தாடி மாதிரி முளைத்துவிடும். அதனால் கெடாமல் இருக்க பாரபென் என்று ஒன்றைத் துளி சேர்ப்பேன். கடை கிரீம்கள் பலவற்றில் இருப்பதுதான்.

வடக்கனந்தலில் நடவு வேலைக்குப் போகும் செல்வி என் பழைய வாடிக்கை. சேற்றில் நின்று நின்று குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒருநாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். பாரபென் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிவிடும் என்று செல்போனில் யாரோ பேசியிருக்கிறார்கள். "ஒண்ணும் ஆவாதும்மா, நான் கியாரண்டி!" என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "நான் பால் குடுத்துக்கினு இருக்கறேண்ணா. புள்ளைக்குப் போவுமா, போவாதா? அத்த மட்டும் சொல்லுங்க."

சாயங்காலத் தக்காளி

பதில் எனக்கே தெரியவில்லை. அவளோடு நடவுக்குப் போகிற பெண்கள் ஒருத்தரும் அப்புறம் டப்பாவைத் தொடவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. அலைந்து விசாரித்து, சென்னையில் ஒரு சோதனைக்கூடத்தைப் பிடித்தேன். மனிதத் தோலின் செல்களை வளர்த்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கம்பெனி செய்கிற தோலை வரவழைக்கிறார்களாம். அதன்மேல் களிம்பைத் தடவி, அடியில் என்ன இறங்குகிறது என்று பார்க்கலாம் என்றார் அங்கே இருந்த ஷர்மிளா மேடம். சோதனைக்கான கட்டணத்தைச் சொல்லிவிட்டு, வந்திறங்கிய தோல் சில நாள்தான் உயிரோடு இருக்கும் என்றும் சொன்னார்.

அங்கேதான் என் சந்தைப் புத்தி வேலை செய்தது. பொழுது சாய்ந்தால் தக்காளிக்காரன் தானாக விலை இறங்குவான். அழுகப்போகிற சரக்குதானே இதுவும்? மேடத்திடமே அப்படிச் சொல்லிவிட்டு, களிம்பை அனுப்பாமல் நாலு நாள் இழுத்தடித்தேன். ஐந்தாம் நாள் போன் வந்தது. இறங்கிவிட்டார் என்று துள்ளி எடுத்தேன். "தோல் செத்துப்போச்சு சார். அடுத்தது வர்ற வரைக்கும் நீங்க போய்த் தக்காளி வாங்குங்க."

செத்த தோலுக்கும் காசா?

அடுத்த தோல் வந்தது. ரேட்டுப் பட்டியலில் உயிருள்ள தோல் ஒன்று, செத்த தோல் ஒன்று. "செத்த தோல் எதுக்கு மேடம்? பொணமா வந்து எங்கிட்ட களிம்பு வாங்குது?" என்று எகிறினேன்.

மேடம் கோபப்படவில்லை. தோல் வெறும் உறை இல்லையாம். வெளியிலிருந்து வரும் பொருளை வெட்டி உருமாற்றும் நொதிகள் அதற்குள் இருக்கின்றன. சூடுபடுத்தினால் அவை வேலையை நிறுத்திவிடும். இரண்டு தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான், பாரபெனை வெட்டியது தோலா, இல்லை என் களிம்பே கெட்டுப்போய்விட்டதா என்று தெரியும். பிறகு அவரே சொன்னார்: "நீங்க கொன்ன தோல் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு. அதையே சூடு பண்ணி வச்சிக்கறேன். பொணத்துக்குக் காசு வேணாம்."

கரியாலூரில் ஒரு சந்தேகம்

ரிப்போர்ட் வரும்வரை கடையில் உட்கார முடியவில்லை. கடுக்காய் எடுக்கிற சாக்கில் கரியாலூருக்கு பஸ் ஏறினேன். மலையில் எனக்குக் கடுக்காய் பொறுக்கித் தருகிறவர் ராமன். ஆபரேஷனில் எடுத்த தோலை, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு வாங்கி, அதிலிருந்து புதுத் தோல் வளர்க்கிறார்கள் என்று விளக்கினேன். காய்களைத் தரம் பிரிப்பதை நிறுத்தினார். "ஆளே இல்லாம தோலு மட்டும் வளருதா? அப்ப அரிப்பு எடுத்தா யாருங்க சொறிவாங்க?"

ரிப்போர்ட்

மலை இறங்குகிற பஸ்ஸில் போன் அடித்தது. செத்த தோலில் பாரபென் போட்டபடியே இருந்தது. உயிருள்ள தோலிலோ பெரும்பகுதி வெட்டுப்பட்டு, வீரியம் குறைந்த வேறொரு பொருளாகிவிட்டது. நான் விட்ட பெருமூச்சில் முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஒண்ணுமே உள்ள போவாதுன்னு சொல்லிடலாமா மேடம்?" என்றேன்.

கூடாது என்றார். கொஞ்சம் அப்படியே கடந்துபோகிறது. வளர்த்த தோலும் நம் தோலும் இதே வேலையைச் செய்தாலும் வேகம் ஒன்றாக இருக்காது. ரத்தம் கசிகிற வெடிப்பில் இந்தக் கணக்கே செல்லாது. "பால் குடுக்கிற அம்மாகிட்ட அந்தக் 'கொஞ்சம்'ங்கிறத முழுங்காம சொல்லுங்க சார். டாக்டரைக் கேட்டுட்டுப் போடச் சொல்லுங்க."

வரப்பில்

வடக்கனந்தல் வரப்பில் நின்று, செல்வியிடம் ஒன்றையும் முழுங்காமல் சொல்லி, ரிப்போர்ட்டின் நகலைக் கையில் கொடுத்தேன். இதோடு வியாபாரம் போச்சு என்றுதான் நினைத்தேன். மறுவாரம் கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைப் பார்த்து, ரிப்போர்ட்டையும் பார்த்து, ரத்தம் கசியாத இடத்தில் போடலாம் என்றாராம். டப்பாவை எடுத்து முன்னால் வைத்தேன். செல்வி சொன்னாள்: "இத்தினி நாளு ஒண்ணும் ஆவாதுன்னு கத்துனீங்க, எனுக்கு பயமா இருந்துச்சி. கொஞ்சம் போவும்னு சொன்னீங்க பாரு, அப்பத்தான் நம்பிக்க வந்துச்சி. அஞ்சு ரூபா கம்மி பண்ணிக்கினு ஒரு டப்பா குடுங்கண்ணா."

வருவதில் பெரும்பகுதியைத் தோலே வெட்டிக் குறைத்துத்தான் உள்ளே விடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, பேரம் பேசுகிறவர்களிடம் கத்துவதை நான் நிறுத்திவிட்டேன், அஞ்சு ரூபாய் வரைக்கும்.